அழிந்த விலங்கின் வேலைக்கு அயல் விலங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன யோசனை? முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஓர் இடத்தில் ஒரு விலங்கினம் பூண்டோடு அழிந்துவிட்டது. அது செய்துவந்த வேலையும் நின்றுபோய்விட்டது. அதை நம்பியிருந்த மரமும் செடியும் மெல்லத் தேய்கின்றன. அதே இனத்தைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றால் உலகில் எங்குமே அது மிச்சமில்லை. அப்போது, ஏறக்குறைய அதே வேலையைச் செய்யக்கூடிய வேறோர் இனத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து விடலாமா என்று கேட்பதுதான் இந்த யோசனை. அப்படி வருகிற விலங்கை இங்கே பதிலி இனம் என்று குறிப்பிடுகிறேன்.

ஒரு விலங்கு போனால் அப்படி என்ன வேலை நின்றுவிடும்?

பெரிய விலங்குகள் சாப்பிட்டுத் தூங்குவதோடு நிற்பதில்லை. மேய்ந்து புல்லைக் குட்டையாக வைத்திருக்கும். மரக்கன்றுகளை ஒடித்துக் காட்டுக்குள் வெயில் விழச் செய்யும். சாணத்தால் சத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும். பழத்தை விழுங்கிப் பல கிலோமீட்டர் தள்ளி விதையைப் போடும்.

இந்தக் கடைசி வேலை நின்றுபோனதன் தடயத்தை இன்றும் பார்க்கலாம். டேனியல் ஜான்சன், பால் மார்ட்டின் என்ற இருவர் 1982-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மத்திய அமெரிக்கக் காடுகளில் பெரிய பழங்கள் மரத்தடியிலேயே குவிந்து அழுகுகின்றன, அவற்றை விழுங்கும் அளவுக்கு வாய் பெரிதான காட்டு விலங்கு இப்போது அங்கே இல்லை என்பது அவர்கள் கவனித்தது. யானையை ஒத்த கோம்போதீர் போன்ற பேருருவங்கள் இருந்த காலத்துக்காக உருவான பழங்கள் இவை, தின்ன வேண்டியவை போய்விட்டன, பழம் மட்டும் பழைய வழக்கத்தை விடாமல் காய்க்கிறது என்றார்கள். வெண்ணெய்ப்பழத்தின் அந்தப் பெரிய கொட்டையையும் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோஸ்டா ரிக்காவில் ஹிகாரோ என்ற மரத்தின் ஓடு கெட்டியான காயை உடைத்துத் தின்று விதையைப் பரப்புவது குதிரை என்று ஜான்சன் கண்டார். அந்தக் குதிரையோ ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்தது. அப்படியானால் குதிரை அங்கே அயலானா? குதிரைக் குடும்பமே உருவானது வட அமெரிக்காவில்தான். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கண்டத்தில் அழிந்து, மனிதர் கையால் திரும்பி வந்திருக்கிறது. "இந்த மண்ணுக்குரியது" என்ற சொல்லை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்ற சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஏற்கெனவே இருந்த விலங்கைத் திரும்ப விடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. 1995-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மறு அறிமுகம், ஏனென்றால் இனம் ஒன்றே. (அப்போதும் "இது நம் ஓநாய் இல்லை, கனடா ஓநாய்" என்று சண்டைபோட்டவர்கள் உண்டு.) பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2013 வழிகாட்டி இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. இருந்த இடத்திலேயே திரும்ப விடுவது ஒன்று. பருவநிலை மாறி வாழ வழியில்லாத இனத்தைக் காப்பாற்றப் புது இடத்தில் விடுவது இன்னொன்று. அழிந்த இனத்தின் வேலையைச் செய்ய மாற்று இனத்தை விடுவது மூன்றாவது. இந்தப் பக்கம் முழுக்க அந்த மூன்றாவதைப் பற்றியது.

எங்காவது நிஜமாகவே பலித்திருக்கிறதா?

பலித்திருக்கிறது. மொரீஷியஸைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இந்தத் துறையில் யார் பேச ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

அந்தத் தீவில் இரண்டு வகைப் பேராமைகள் இருந்தன. மாலுமிகளுக்கு அவை நடமாடும் இறைச்சிக் கிடங்கு. கப்பலில் தீனி இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வேண்டும்போது வெட்டிக்கொள்ளலாம். கூடவே எலியும் பன்றியும் வந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. மனிதர் குடியேறிய சுமார் இரண்டு நூற்றாண்டுகளில் இரண்டு இனமும் முடிந்தன.

மொரீஷியஸின் கரையோரத்தில் ஈல் ஓ செக்ரெட் என்று 25 ஹெக்டேர் அளவில் ஒரு குட்டித் தீவு. அங்கே ஒரு கருங்காலி மரம் உண்டு. விறகுக்காக வெட்டித் தள்ளியது போக மிஞ்சிய மரங்கள் காய்த்தன, பழம் மரத்தடியில் விழுந்தது, விழுந்த இடத்திலேயே கிடந்தது. வெட்டப்பட்ட பகுதிகளுக்கு விதை போய்ச்சேர வழியில்லை. வெட்டுவது நின்ற பிறகும் காடு பரவவில்லை, தூக்கிப்போக ஆள் இல்லையே.

2000-ஆம் ஆண்டு அங்கே அல்டாப்ரா பேராமைகளைக் கொண்டுவந்தார்கள். அல்டாப்ரா என்பது செஷல்ஸைச் சேர்ந்த பவளத்தீவு, இன்றும் சுமார் ஒரு லட்சம் பேராமைகள் அங்கே இருக்கின்றன. அந்த ஆமைகள் கருங்காலிப் பழத்தை விரும்பித் தின்றன. தீவெங்கும் சுற்றிச் சாணமிட்டன. மரங்கள் வெட்டப்பட்ட இடங்களிலும் கன்றுகள் தலைகாட்டின. 2011-இல் வெளிவந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஆமையின் குடலுக்குள் போய் வந்த விதை, போகாத விதையைவிட நன்றாக முளைக்கிறது.

மரபுவழியில் பார்த்தால் அல்டாப்ரா ஆமை மொரீஷியஸ் ஆமைக்கு நெருங்கிய சொந்தமே இல்லை. அழிந்தவை தனிக் கிளை, வெகு காலத்துக்கு முன்பே பிரிந்தவை. ஆனால் கருங்காலி விதைக்குத் தன்னை விழுங்கியது யார் வீட்டுப் பிள்ளை என்பது பொருட்டே இல்லை. உடல் அளவு, தின்னும் பழக்கம், நடக்கும் தூரம் இவை ஒத்துப்போனால் வேலை நடந்துவிடுகிறது.

கொண்டுவந்த ஆமை மற்ற நாட்டுச் செடிகளையும் தின்றுவிடாதா?

நியாயமான பயம். ஆனால் மொரீஷியஸின் உள்நாட்டுச் செடிகள் ஆமைகளோடு லட்சக்கணக்கான ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவை. தரையோடு ஒட்டிப் படரும் புற்கள் பல. இளம்பருவத்தில் ஒரு வடிவ இலையும், ஆமைக்கு எட்டாத உயரம் வந்ததும் வேறு வடிவ இலையும் விடுகிற செடிகளும் உண்டு. வெளியிலிருந்து வந்த களைகளுக்கு இந்தத் தற்காப்பு எதுவும் தெரியாது.

மொரீஷியஸுக்கு வடக்கே ரவுண்ட் தீவில் இதைத்தான் பரிசோதித்தார்கள். அங்கே ஆடுகளையும், 1986-இல் முயல்களையும் முழுதாக ஒழித்தபின் உள்நாட்டுச் செடிகள் மூச்சுவிட்டன. கூடவே அயல் களைகளும் மண்டின. ஆட்களை வைத்துக் களை பிடுங்கி மாளவில்லை. 2007-இல் அல்டாப்ரா ஆமைகளோடு மடகாஸ்கரின் கதிர் ஆமைகளையும் விட்டுப் பார்த்தார்கள். அல்டாப்ரா ஆமை களையை ஆசையாக மேய்ந்தது, அந்த வறண்ட தீவையும் தாக்குப்பிடித்தது. கதிர் ஆமைக்கு அவ்வளவு சரிப்படவில்லை. இன்று அங்கே அல்டாப்ரா ஆமைகள் நூற்றுக்கணக்கில் திரிகின்றன.

ஏன் எதற்கெடுத்தாலும் ஆமை?

தப்பாகிப்போனால் எடுத்துவிடலாம் என்பதால்தான்.

மெதுவாக நடக்கும், கடல் தாண்டாது, வேலி போட்டால் நிற்கும். பெருகுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். யாரையும் கடித்துக் குதறாது. திட்டம் சரியில்லை என்று தெரிந்தால் ஆட்கள் போய் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்துவிடலாம், கொஞ்சம் முதுகு வலிக்கும், அவ்வளவுதான். நரியையோ பறவையையோ அப்படிச் செய்ய முடியாது.

காலபகோஸ் தீவுகளில் இதையும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். பின்டா தீவின் கடைசி ஆமையான "தனிமை ஜார்ஜ்" 2012-இல் இறந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2010-இல், கருத்தடை செய்யப்பட்ட 39 கலப்பின ஆமைகளைப் பின்டாவில் விட்டிருந்தார்கள். மேய்ந்து, மிதித்து, விதை பரப்பட்டும், குஞ்சு மட்டும் வேண்டாம், எது நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பதை அப்புறம் முடிவு செய்யலாம் என்ற ஏற்பாடு. இவ்வளவு நிதானம் இந்தத் துறையில் அபூர்வம். 2015-இல் சாந்தா ஃபே தீவில், அங்கே அழிந்த ஆமைக்குப் பதிலாக எஸ்பஞோலா தீவின் ஆமைக்குட்டிகள் 201-ஐ விட்டார்கள்.

ஆமையை விட்டால் வேறு உதாரணமே இல்லையா?

பெர்முடா இருக்கிறது. அங்கே ஓர் இராக்கொக்கு இனம் இருந்தது, நிலநண்டுதான் அதற்கு முக்கிய உணவு. தீவில் மனிதர் குடியேறியபின் கொக்கு அழிந்தது, நண்டுகள் கட்டுக்கடங்காமல் பெருகி நிலத்தை வளையாகத் துளைத்துத் தள்ளின. டேவிட் விங்கேட் என்ற பாதுகாப்பு அலுவலர் 1976 முதல் 1978 வரை ஃபுளோரிடாவிலிருந்து மஞ்சள் கொண்டை இராக்கொக்கின் குஞ்சுகளைக் கொண்டுவந்து, நண்டு கொடுத்தே வளர்த்து, பறக்கவிட்டார். அவை தங்கிப் பெருகின, நண்டுகள் அடங்கின.

அதே பெர்முடாவில் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு நடந்ததையும் சொல்லவேண்டும். அயல்நாட்டு ஓணான்கள் பெருகிவிட்டன என்று 1957-இல் டிரினிடாடிலிருந்து கிஸ்கடீ என்ற பறவையைக் கொண்டுவந்தார்கள். அது கண்டதையெல்லாம் தின்னும் பறவை. ஓணான் குறையவில்லை, கிஸ்கடீதான் தொல்லையாகப் பெருகியது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, அது இங்கே எழுத்துக்கு எழுத்து நடந்தது.

கொக்கு பலித்ததற்கும் கிஸ்கடீ பலிக்காததற்கும் என்ன வித்தியாசம்? கொக்கு ஒரே வகை இரையை நம்பி வாழ்வது, அந்த வேலையைச் செய்த ஒரு பறவை முன்பு அதே தீவில் இருந்தது, அதன் காலி இடத்தில்தான் இது உட்கார்ந்தது. கிஸ்கடீக்கு முன்னோடி யாரும் இல்லை. யாரும் செய்யாத ஒரு புது வேலைக்கு அதை அழைத்துவந்தார்கள், அது தன் இஷ்டத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டது.

கரும்புத் தேரை மாதிரி ஆகிவிடாது என்று என்ன உத்தரவாதம்?

முழு உத்தரவாதம் எதுவும் கிடையாது. 1935-இல் கரும்பு வண்டை ஒழிக்க ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சுமார் நூறு தேரைகளை இறக்கினார்கள். வண்டு கரும்பின் மேலே இருந்தது, தேரை தரையில் இருந்தது. வண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேரையின் நஞ்சோ அதைத் தின்ன வந்த உடும்புகளையும் குவோல் என்ற, குட்டியைப் பையில் சுமக்கும் மாமிச உண்ணிகளையும் கொன்றது, இன்றும் கொல்கிறது. பசிபிக் தீவுகளில் பெரிய ஆப்பிரிக்க நத்தையைத் தின்னட்டும் என்று கொண்டுவந்த ஓநாய் நத்தை, அதை விட்டுவிட்டுத் தீவின் சொந்தமான சின்னஞ்சிறு பார்ட்டுலா நத்தைகளைத் தின்று இனம் இனமாகத் துடைத்தது. மிஞ்சியவற்றை விலங்குக் காட்சியகங்களில் வளர்த்து இப்போதுதான் திரும்ப விடுகிறார்கள்.

இந்த இரண்டும் பூச்சி ஒழிப்பு முயற்சிகள். அழிந்த இனத்தின் காலி இடத்தை யாரும் நிரப்பப் பார்க்கவில்லை. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் தேரையை விட்டவர்களும் தாங்கள் செய்வது சரி என்று நம்பித்தான் விட்டார்கள். அதனால் நான் பார்க்கும் அளவுகோல் கொஞ்சம் கறாரானது: சிறியது, வேகமாகப் பெருகுவது, எதையும் தின்பது, தேடிப் பிடிக்க முடியாதது என்றால் எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும் வேண்டாம்.

டோடோ இல்லாமல் ஒரு மரம் முளைக்கவில்லை, வான்கோழியை வைத்து முளைக்க வைத்தார்கள் என்று படித்தேனே?

படித்திருப்பீர்கள், எல்லாரும் படித்திருக்கிறார்கள். கதை இப்படி: மொரீஷியஸின் தம்பலாகோக் மரம் அழியும் நிலையில் இருப்பதற்குக் காரணம் அங்கே அழிந்த டோடோ என்ற பறக்காத பறவை போனதுதான் என்று ஸ்டான்லி டெம்பிள் 1977-இல் எழுதினார். டோடோவுக்குப் பதில் வான்கோழிகளுக்கு 17 கொட்டைகளை வலுக்கட்டாயமாக ஊட்டினார். 7 நொறுங்கின, 10 முழுசாக வந்தன, அவற்றில் 3 முளைத்தன. பாடப்புத்தகங்களுக்கு இதைவிட அழகான கதை கிடைக்குமா?

சிக்கல் என்னவென்றால், வான்கோழிக்கு ஊட்டாத கொட்டைகளையும் பக்கத்தில் விதைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பறவையின் வயிற்றுக்குள் போகாமலே அந்த விதை முளைக்கும் என்று மற்றவர்கள் காட்டினார்கள், டோடோவுக்குப் பின் பிறந்த இளம் மரங்களும் இருந்தன. மரம் குறைந்ததற்குக் குரங்கு, பன்றி, மான், களை என்று பல காரணங்கள். "இந்த விலங்கு போனதால்தான் இந்த மரம் போகிறது" என்று யாராவது சொன்னால், ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

வட அமெரிக்காவில் சிங்கத்தையும் யானையையும் விடப்போவதாகச் சொன்னார்களே?

2005-இல் ஜாஷ் டான்லனும் அவரோடு பதினொருவரும் "நேச்சர்" இதழில் அப்படி எழுதினார்கள். சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் யானை வகைகளும் ஒட்டகங்களும் சிங்கமும் ஒரு சிவிங்கிப்புலி (சீட்டா) வகையும் இருந்தன. அவை அழிந்ததில் மனிதருக்குப் பங்கு உண்டு என்பது அவர்கள் கட்சி. ஆகவே அவற்றின் உறவினர்களை ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் கொண்டுவந்து பெரிய வேலிகளுக்குள் படிப்படியாக விடலாம் என்றார்கள். பிராங்க்ஹார்ன் என்ற அமெரிக்க மான்போன்ற விலங்கு இன்று எந்த எதிரியாலும் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடுவது, அழிந்த வேகப்பூனை ஒன்றின் நினைவாக இருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன வாதங்களில் சுவையானது.

எதிர்ப்பு பயங்கரமாக வந்தது. 13,000 ஆண்டுகளில் பருவநிலை மாறிவிட்டது, தாவரங்கள் மாறிவிட்டன, பண்ணைகள் வந்துவிட்டன. ஆப்பிரிக்காவில் இருக்கிற சிங்கத்தைக் காப்பாற்றவே பணமில்லாதபோது இது எதற்கு என்றார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்தத் திட்டத்தின் முதல் படி சிங்கம் இல்லை, பொல்சோன் ஆமை. மெக்சிகோவின் ஒரு மூலையில் மட்டும் தப்பிப் பிழைத்த, ஒரு காலத்தில் அமெரிக்கத் தென்மேற்கிலும் வாழ்ந்த ஆமை. 2006-இல் அதை நியூ மெக்சிகோவின் தனியார் பண்ணை ஒன்றுக்குக் கொண்டுபோய் வளர்க்க ஆரம்பித்தார்கள், அது சத்தமில்லாமல் நன்றாகவே நடக்கிறது. தலைப்புச் செய்தி ஆனது சிங்கம், காரியம் நடந்தது ஆமையால்.

சைபீரியாவில் நடப்பது என்ன?

செர்ஸ்கி என்ற ஊருக்கு அருகே 1996-இல் செர்கேய் ஸீமோவ் என்ற அறிவியலாளர் தொடங்கிய பிளைஸ்டோசீன் (பனியுகக் காலம்) பூங்கா. யாகூத் குதிரை, கலைமான், கஸ்தூரி எருது, பைசன் இவற்றோடு 2021-இல் இருதிமில் ஒட்டகமும் வந்து சேர்ந்தது. இங்கே நோக்கம் புல்வெளியோடு நிற்கவில்லை, தரைக்கடியில் உறைந்து கிடக்கும் மண் உருகாமல் காப்பதும் சேர்ந்தது. பனி ஒரு கம்பளி மாதிரி. வெளியே மைனஸ் 40 டிகிரி குளிர் இருந்தாலும், மேலே கிடக்கும் பனி அதை மண்ணுக்குள் இறங்கவிடாது. மந்தை மந்தையாக விலங்குகள் புல்லுக்காகப் பனியைக் கிளறி மிதித்து அழுத்தினால் கம்பளி மெலிந்துவிடும், மண் நன்றாக உறையும், அதில் சிக்கியுள்ள கார்பன் காற்றில் கலக்காது.

கணக்கு பொருந்துகிறது, வேலிக்குள் அளந்த மண்ணும் குளிர்ந்துதான் இருக்கிறது. ஆனால் வேலி போட்ட இடம் சுமார் 20 சதுர கிலோமீட்டர். ஆர்க்டிக் முழுக்க இதைச் செய்ய எத்தனை லட்சம் விலங்குகள் வேண்டும் என்று யோசித்தால் தலை சுற்றும். நல்ல பரிசோதனைச் சாலை என்ற அளவில் அதற்கு மதிப்பு உண்டு. பூமியைக் காப்பாற்றும் திட்டம் என்று விற்பதில்தான் எனக்கு நெருடல்.

ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது இந்தக் கணக்கில் வருமா?

முதலில் பெயர். செய்திகளில் பலர் இதைச் சிறுத்தை என்று எழுதிவிடுகிறார்கள். சிறுத்தை வேறு, அது காடுகளில் இன்னும் இருக்கிறது. அற்றுப்போனது சிவிங்கிப்புலி, 1952-இல் அப்படி அறிவித்தார்கள்.

கணக்கில் வருமா என்றால், பாதி வரும். இனம் ஒன்று, கிளையினம் வேறு. இந்தியாவில் இருந்தது ஆசியக் கிளை, அது இப்போது ஈரானில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் மிஞ்சியிருக்கிறது. அங்கிருந்து எடுக்க வழியில்லாததால் 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 என்று மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்தன. ஆப்பிரிக்கக் கிளையைக் கொண்டுவரலாமா என்பது உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. 2013-இல் கூடாது என்ற நீதிமன்றம், 2020-இல் சோதனை முயற்சியாக அனுமதித்தது. குனோவைத் தயார் செய்ததும், அங்கிருந்த கிராமங்களை இடம் மாற்றியதும் கிர் சிங்கத்துக்காக. சிங்கம் இன்னும் அங்கே வரவில்லை என்பது தனிக் கதை.

2023 மழைக்காலத்தில் சில சிவிங்கிப்புலிகள் கண்காணிக்கப் பூட்டிய கழுத்துப்பட்டைக்கடியில் புண் வைத்துச் சீழ்பிடித்து இறந்தன. தென் அரைக்கோளத்தில் ஜூன், ஜூலை குளிர்காலம். அந்தப் பழக்கத்தில் அவற்றின் உடல் இங்கே மழையும் புழுக்கமுமாக இருந்தபோது குளிர்கால ரோமத்தை வளர்த்துவிட்டது, அதில் ஈரம் தங்கிப் புண்ணானது என்று காரணம் சொன்னார்கள். "கிட்டத்தட்ட அதே விலங்குதானே" என்பதில் அந்தக் கிட்டத்தட்ட எவ்வளவு பெரிய சொல் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. குனோவில் குட்டிகள் பிறந்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கொலம்பியாவின் நீர்யானைகளை என்ன சொல்வது? யாரும் திட்டமிடாமல் நடந்த மறுசீரமைப்பு என்கிறார்களே?

போதைப்பொருள் கடத்தல்காரர் பாப்லோ எஸ்கோபார் தன் பண்ணைக்கு 1980-களில் நான்கு நீர்யானைகளை வரவழைத்தார். 1993-இல் அவர் கொல்லப்பட்டபின் மற்ற விலங்குகளை எடுத்துப்போனார்கள். நீர்யானையைத் தூக்க யார் முன்வருவார்? அவை மக்தலேனா ஆற்றில் இறங்கின, இப்போது 150-ஐத் தாண்டிவிட்டன.

2020-இல் எரிக் லண்ட்கிரென் குழுவினர் ஒரு கோணத்தை முன்வைத்தார்கள். உலகெங்கும் மனிதர் கொண்டுபோய் விட்ட தாவர உண்ணிகள், பனியுகத்தில் அழிந்தவற்றின் சில பண்புகளைத் தங்களை அறியாமலே திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன என்றார்கள். தென் அமெரிக்காவில் அழிந்த ஒரு பெரிய லாமாவையும் நீரில் பாதி வாழ்ந்த இன்னொரு பிராணியையும் நீர்யானை சில அளவுகளில் ஒத்திருக்கிறது. அதே குழுவின் 2021 ஆய்வு இன்னும் எனக்குப் பிடித்தது: அமெரிக்கப் பாலைவனங்களில் காட்டுக்கழுதையும் குதிரையும் இரண்டு மீட்டர் ஆழம் வரை கிணறு தோண்டுகின்றன, அந்தத் தண்ணீரைப் பறவைகளும் மான்களும் குடிக்கின்றன.

கழுதைக் கிணறு சரி. நீர்யானை விஷயத்தில் நான் மயங்கமாட்டேன். அவை இரவெல்லாம் புல் மேய்ந்துவிட்டுப் பகலெல்லாம் ஏரியில் சாணம் போடுகின்றன, நீரின் சத்து ஏறிப் பாசி வகைகள் மாறுகின்றன என்று அளந்திருக்கிறார்கள். ஆற்றோர மக்களை அவை தாக்கியும் இருக்கின்றன. கொலம்பிய அரசு 2022-இல் அவற்றை ஆக்கிரமிப்பு இனம் என்று அறிவித்தது. பழைய விலங்கின் சாயல் இருப்பது ஒன்று, இன்றைய ஆறு அதைத் தாங்குவது வேறு.

ஆஸ்திரேலியாவில் யானையா?

ஆம், அப்படியும் ஒரு யோசனை. கால்நடைத் தீவனத்துக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த காம்பா புல் நான்கு மீட்டர் உயரம் வளர்ந்து காட்டுத்தீயைப் பல மடங்கு பெரிதாக்குகிறது. அவ்வளவு பெரிய புல்லைத் தின்ன யானையால்தான் முடியும் என்று டேவிட் போமன் 2012-இல் எழுதினார். விவாதத்தைக் கிளப்பவே எழுதினார் என்று நினைக்கிறேன். யானை எதுவும் போய் இறங்கவில்லை.

விலங்குகள் படும் பாட்டை யார் பார்ப்பது?

நெதர்லாந்தின் ஓஸ்ட்வாடர்ஸ்ப்ளாசன் இதற்குப் பாடம். கடலிலிருந்து மீட்ட சுமார் 56 சதுர கிலோமீட்டர் சதுப்பில் ஹெக் மாடு, கோனிக் குதிரை, செம்மான் என்று 1980-களிலிருந்து விட்டார்கள். ஹெக் மாடு, 1627-இல் போலந்தில் கடைசியாக இறந்த ஔரக்ஸ் என்ற காட்டு மாட்டின் சாயலில் வளர்த்தெடுத்த வகை. இயற்கை பார்த்துக்கொள்ளட்டும், நாம் தீனி போடவேண்டாம் என்பது கொள்கை. ஆனால் சுற்றிலும் வேலி. குளிர்காலத்தில் வேறிடம் போகவும் முடியாது, எண்ணிக்கையைக் குறைக்க ஓநாயும் கிடையாது. 2017-18 குளிர்காலத்தில் 3,000-க்கும் மேற்பட்டவை மடிந்தன. பட்டினியில் சாகும் நிலைக்கு வந்தவற்றைப் பெரும்பாலும் காவலர்களே சுட்டார்கள். பொதுமக்கள் வேலிக்கு மேலாக வைக்கோல் கட்டுகளை எறிந்தார்கள். அப்புறம் கொள்கை மாறியது, எண்ணிக்கையை அளவோடு வைக்க முடிவு செய்தார்கள்.

வேலி போட்டுவிட்டு "இயற்கையின் கையில் விட்டுவிட்டோம்" என்று சொல்லக்கூடாது என்பது என் எண்ணம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 2022-இல் ஐரோப்பிய பைசன்களை விட்டவர்கள் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மூன்று பெண் பைசன்களோடு ஆரம்பித்தார்கள், தினமும் கண்காணிக்கக் காவலர் இருக்கிறார்கள். அங்கே ஒரு காலத்தில் திரிந்தது ஸ்டெப்பி பைசன். அதன் இடத்தில் இவை மரப்பட்டையை உரித்து, மரத்தைச் சாய்த்து, காட்டுக்குள் வெளிச்சத்தைக் கொண்டுவருகின்றன.

நோய் வராதா?

வரும், கவனக்குறைவாக இருந்தால். 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் வேட்டைக்காகத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோன ரக்கூன்களோடு வெறிநோயும் போய், கிழக்குக் கரையோரம் முழுக்கப் பரவியது. தனிமைப்படுத்தி, குடற்புழுவும் ரத்தமும் சோதித்து, வயிற்றில் இருக்கும் அயல் விதைகள் வெளியேறும்வரை காத்திருந்து விடுவதுதான் முறை. ஆமைக்கு இந்தக் கடைசிப் படி ரொம்ப முக்கியம், அது சாப்பிட்டது வெளியே வர வாரக்கணக்கில் ஆகும்.

அழிந்த விலங்கையே மரபணு வழியில் உருவாக்கிவிட்டால் இந்தத் தலைவலி வேண்டாமே?

இதுவரை யாரும் அழிந்த விலங்கை அப்படியே கொண்டுவரவில்லை. 2025-இல் அமெரிக்காவில் செய்தியான "டயர் ஓநாய்" உண்மையில் சில மரபணுக்கள் திருத்தப்பட்ட சாம்பல் ஓநாய். யானையின் மரபணுவைத் திருத்தி, பனியுகத்து ரோம யானையான மாமத் போலச் செய்தாலும் கிடைப்பது ரோமம் அடர்ந்த யானைதான், அதுவும் பதிலி இனமே. என்ன தின்னும், எங்கே போகும், எதைக் கெடுக்கும், எடுத்துவிட முடியுமா என்று ஆமைக்குக் கேட்ட கேள்விகளையெல்லாம் அதற்கும் கேட்டாக வேண்டும். ஆமைக்காவது அல்டாப்ராவில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அதற்கு அப்படி ஓர் இடமும் இல்லை.

என்னிடம் வளர்ப்பு ஆமை இருக்கிறது. அருகில் உள்ள குளத்தில் விட்டால் நல்லதுதானே?

தயவுசெய்து வேண்டாம். கடைகளில் விற்கும் செங்காது ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது. வளர்த்துச் சலித்தவர்கள் குளத்தில் விட்டு விட்டே பல நாடுகளில் உள்ளூர் நீராமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் அது பிடித்துக்கொண்டது. அதன் நோய்களும் கூடவே போகும். மேலே சொன்ன தீவுகளில் ஓர் ஆமையை விடுவதற்கு முன் எந்தச் செடி, எந்த விதை, என்ன நோய் என்று பார்த்துத் தனி அடைப்பில் விட்டுக் கவனித்தார்கள். வளர்க்க முடியவில்லை என்றால் வனத்துறையிடமோ விலங்கு மீட்பு அமைப்பிடமோ கொடுத்துவிடுங்கள், குளத்துக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.